யார் நடத்தும் பள்ளி?

விழுப்புரம் பக்கம் ஒரு பள்ளிக்குள் நுழையும் முன் அதன் பெயர்ப்பலகையை முழுதாகப் படித்துவிட வேண்டும். ஊர்ப் பெயரை ஒட்டி வரும் இரண்டு மூன்று சொற்களில் அந்தப் பள்ளி யாரால் பிறந்தது, யார் கையில் இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். நகராட்சி, ஊராட்சி ஒன்றியம், அரசு, ஆதிதிராவிடர் நலம், அரசு உதவி பெறும், மெட்ரிக். 2010-11-ல் சமச்சீர் கல்வி வந்த பிறகு இத்தனை பலகைகளுக்குக் கீழும் பிள்ளைகள் கையில் இருப்பது ஒரே பாடத்திட்டம். ஆனால் சம்பளம் போடுவது ஒரு ஆபீஸ், கூரை ஒழுகினால் எஸ்டிமேட் போடுவது இன்னொன்று, ஆய்வுக்கு வருவது வேறொன்று. விழுப்புரத்தில் தொடங்கி திண்டிவனம் வரை இந்தப் பலகைகளைப் படித்துக்கொண்டே போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். கோலியனூர் ஒன்றியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர் துணைக்கு வந்தார். அவருடைய பெயர் இங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சார் என்றே எழுதுகிறேன்.

ஜங்ஷனில் இறங்கி ஊருக்குள் நடந்தோம். காமராஜர் நகராட்சி மேல்நிலைப் பள்ளியின் பலகைதான் முதலில் படித்தது. ரயில் பாதைகள் கூடும் ஊர் என்பதால் வளர்ந்த விழுப்புரம் 1919-ல் நகராட்சியானது. அடுத்த ஆண்டே சென்னை மாகாணத் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. கல்விக்கென்று தனி வரி போடவும், ஒரு பகுதியில் கட்டாயக் கல்வியை அறிவிக்கவும் உள்ளூர் மன்றங்களுக்கு அந்தச் சட்டம் வழி செய்தது. நகராட்சிகளின் சொத்து வரிக்குள் கல்வி வரி என்று ஒரு பங்கு இன்னும் இருக்கிறதே, அதன் வேர் அங்கே இருக்கிறது. வரி கட்டுகிற நம்மில் எத்தனை பேர் அந்தப் பணம் எந்த வகுப்பறைக்குப் போனது என்று நகராட்சியில் போய்க் கேட்டிருக்கிறோம்?

கேட்க வேண்டிய கேள்விதான் அது. அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் என்று சொன்னால், பெரும்பாலான இடங்களில் அந்தப் பகுதி மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒரு குழு, அதற்கென்று சொத்து வரியில் பங்கு, அதுவே ஆசிரியரை நியமிக்கும் என்று பொருள். நமக்கு இது புதிதில்லை. கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு ஜில்லாவுக்கு ஜில்லா போர்டு இருந்தது. சிற்றூர்களில் உயர்நிலைப் பள்ளி திறந்தது அந்த போர்டுதான். இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் அரசு மேல்நிலைப் பள்ளியை "போர்டு ஸ்கூல்" என்றே சொல்கிறார்கள். 1958-ன் பஞ்சாயத்துச் சட்டத்தோடு ஜில்லா போர்டுகளின் காலம் முடிந்தது. தொடக்கப் பள்ளிகள் புதிதாக உருவான ஊராட்சி ஒன்றியங்களிடம் போயின. உயர்நிலைப் பள்ளிகளை 1970-ல் அரசே எடுத்துக்கொண்டது. அன்றோடு, பள்ளியை நடத்துகிறவரைத் தேர்தலில் கேள்வி கேட்கும் வழி அடைபட்டுப் போனது என்பது என் வருத்தம். கல்வி உரிமைச் சட்டத்தால் வந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்கள் இருக்கிறார்கள். 2022-லும் 2024-லும் தமிழ்நாடு முழுக்க அந்தக் குழுக்களை மறுபடி அமைத்தார்கள். ஆனால் அந்தக் குழுவின் கையில் வரியும் இல்லை, நிரந்தர ஆசிரியர் நியமனமும் இல்லை.

முதன்மைக் கல்வி அலுவலகத்துக்குப் போனபோது வராண்டாவில் பத்துப் பதினைந்து ஆசிரியர்கள் கையில் ஃபைலோடு நின்றிருந்தார்கள். மாறுதல், மாற்றுப்பணி, ஊக்க ஊதியம், பி.எஃப். கடன். இங்கிருந்து கீழே போகும் படிநிலையைச் சார் எனக்கு விரல் விட்டுச் சொன்னார். வருவாய் மாவட்டத்துக்கு ஒரு முதன்மைக் கல்வி அலுவலர். அவருக்குக் கீழே கல்வி மாவட்டங்கள், மாவட்டக் கல்வி அலுவலர்கள். அதற்கும் கீழே ஒன்றியந்தோறும் வட்டாரக் கல்வி அலுவலர்கள். விழுப்புரம் மாவட்டத்தில் 13 ஒன்றியங்கள். தெற்கே கோலியனூர், காணை, கண்டமங்கலம், விக்கிரவாண்டி, முகையூர், திருவெண்ணெய்நல்லூர். வடக்கே மயிலம், ஒலக்கூர், மரக்காணம், வானூர், செஞ்சி, வல்லம், மேல்மலையனூர்.

கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கோடுகளை எத்தனை முறை அழித்து அழித்துப் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 1993 செப்டம்பர் 30-ல் தென்னார்க்காடு இரண்டானபோது இந்த மாவட்டம் பிறந்தது. விழுப்புரம் இராமசாமி படையாட்சியார் மாவட்டம் என்று அப்போது பெயர். 1997-ல் மாவட்டங்களிலிருந்து தலைவர்கள் பெயர்களை எடுத்தபோது வெறும் விழுப்புரமானது. கல்வராயன் மலையில் வேலை பார்க்கும் வாத்தியாரும் ஒரு கையெழுத்துக்கு விழுப்புரம் வந்து போக வேண்டியிருந்தது. 2019 நவம்பர் 26-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தபோதுதான் அந்த அலைச்சல் தீர்ந்தது.

துறைக்குள் நடந்தது இன்னும் குழப்பம். 1986-ல் தொடக்கக் கல்விக்குத் தனி இயக்ககம். அதன்படி மாவட்டத்துக்குத் தனித் தொடக்கக் கல்வி அலுவலர். மெட்ரிக் பள்ளிகளுக்குத் தனி ஆய்வாளர். 2018 மே மாதம் வந்த அரசாணை 101 இந்தப் பதவிகளையெல்லாம் எடுத்துவிட்டு, புதிதாகக் கல்வி மாவட்டங்களை உருவாக்கி, எல்லா வகைப் பள்ளிகளையும் ஒரே மாவட்டக் கல்வி அலுவலரிடம் கொடுத்தது. செஞ்சி ஒரு கல்வி மாவட்டமானது அப்போதுதான். நான்கு ஆண்டுகளில், 2022 செப்டம்பரில், அரசாணை 151 வந்து மறுபடி பிரித்தது: தொடக்கக் கல்விக்கு ஒருவர், இடைநிலைக் கல்விக்கு ஒருவர், தனியார் பள்ளிகளுக்கு ஒருவர்.

"ரெண்டுலயும் நல்லது இருக்கு தம்பி," என்றார் சார். "எல்லாத்தையும் ஒருத்தர்ட்ட கொடுத்தப்ப, பத்தாவது, பன்னெண்டாவது ரிசல்ட்டப் பார்க்கவே அவருக்கு நேரம் சரியாப் போச்சு. ஒண்ணாங்கிளாஸ் பக்கம் யாரும் எட்டிப் பாக்கல. அதனால பிரிச்சது சரி. ஆனா மாத்துற ஒவ்வொரு தடவையும் ஃபைலு ஒரு வருஷம் தொலைஞ்சுபோவுது."

விழுப்புரம் மாவட்டத்துக்கு ஒன்றாம் வகுப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை 2011 மக்கள்தொகைக் கணக்கு சொல்லும். தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். பிரிக்கப்படாத விழுப்புரத்தில் சுமார் 72. பொதுத்தேர்வுப் பட்டியலில் இந்த மாவட்டம் ஆண்டுக்கணக்காகக் கடைசி வரிசைகளில் கிடந்ததை இங்குள்ள எந்த ஆசிரியரும் மறக்கவில்லை. கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு போய்விடுகிறவர்கள் நிறைந்த மாவட்டம் இது. மல்லாட்டை பிடுங்கும் பருவத்தில் வகுப்பு பாதியாகக் குறையும். பன்னிரண்டாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு வைத்துச் சதவீதத்தை ஏற்றலாம். மூன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தெரியாமல் நின்றுபோன பிள்ளை அந்தச் சதவீதத்துக்குள் வரவே வராது.

கோலியனூர் ஒன்றியத்தில் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. நாங்கள் போனது புதன்கிழமை காலை. பொங்கலும் சாம்பாரும் சாப்பிட்டு முடித்த பிள்ளைகள் குழாயடியில் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்கள். 2023 ஆகஸ்ட் 25-ல் திருக்குவளையில் விரிவுபடுத்தியதிலிருந்து காலைச் சிற்றுண்டித் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் நடக்கிறது. "லேட்டா வர்றவங்க இப்ப குறைஞ்சுட்டாங்க சார்," என்றார் அங்கிருந்த ஆசிரியை. இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள். கல்வி உரிமைச் சட்டக் கணக்கின்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும். கணக்கு சரி. ஆனால் அந்த இருவரில் ஒருவர் எமிஸ் இணையப் பதிவு, கூட்டம், பயிற்சி என்று வெளியே போகிற நாளில் ஐந்து வகுப்பும் ஒருவரிடம். ஆகஸ்ட் 1-ம் தேதி இருக்கும் பிள்ளைகள் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியிடம் முடிவாகும். எண்ணிக்கை குறைந்தால் ஒருவர் உபரி. அதனால் கோடை விடுமுறையில் இந்த ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கேட்கிறார்கள்.

சார் 1979-ல் இப்படியொரு பள்ளியில்தான் சேர்ந்தார். "சம்பளம் ஒன்றிய ஆபீசுல. போயி வரிசையில நிக்கணும். பி.டி.ஓ.வுக்கோ ஊர்ப் பெரிய மனுஷனுக்கோ பிடிக்கலன்னா மாறுதல். எண்பத்தொண்ணு ஜூன்ல எம்.ஜி.ஆர். எங்கள அரசு ஊழியர் ஆக்குனாரு பாருங்க, அப்பத்தான் முதுகு நிமிந்துச்சு." 1981 ஜூன் 1 முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். பலகை மட்டும் மாறவில்லை. கட்டடம், மராமத்து, சுற்றுச்சுவர் இன்றும் ஒன்றியத்தின் பொறுப்பு. கழிப்பறைக் கதவு உடைந்தால் வட்டாரக் கல்வி அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலரான பி.டி.ஓ.வுக்கு எழுத வேண்டும்.

இங்கிருந்து கிழக்கே கண்டமங்கலம் தாண்டினால் புதுச்சேரி. எல்லையில் சில இடங்களில் தெருவின் ஒரு பக்கம் தமிழ்நாடு, மறுபக்கம் புதுச்சேரி. 2023-24 முதல் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டதால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவருக்குப் பாடப்புத்தகமே வேறு.

அந்த ஒன்றியப் பள்ளியிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தோம். ஊர் முடிந்து, வயலைத் தாண்டி, காலனி தொடங்குகிறது. அங்கே இன்னொரு தொடக்கப் பள்ளி. பலகையில்: அரசு ஆதிதிராவிடர் நலத் தொடக்கப் பள்ளி. ஒரே கிராமம், ஒரே பாடநூல், ஒரே சத்துணவு. ஆனால் இந்தப் பள்ளி பள்ளிக் கல்வித் துறையைச் சேர்ந்தது இல்லை. ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறை நடத்துகிறது. ஆசிரியர்களின் நியமனம், மாறுதல், சம்பளம் எல்லாம் அந்தத் துறையின் மாவட்ட அலுவலர் வழியாக.

பள்ளிக்கு எதிர்த் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் எங்களைப் பார்த்து, "இன்னா சார், பள்ளிக்கூடத்த மூடப்போறாங்களா?" என்று கேட்டார். இல்லை, பார்க்க வந்தோம் என்றோம். "நான் இங்கதான் படிச்சேன். எங்க அப்பா காலத்துல லேபர் ஸ்கூலு. எங்க காலத்துல அரிஜன ஸ்கூலு. இப்ப ஏ.டி.டபிள்யூ. ஊரு பள்ளிக்கூடத்துல எங்க அப்பாவ உள்ள உட்டிருந்தா இது எதுக்கு வந்திருக்கப் போவுது?"

அவர் சொன்னது முழு வரலாறு. 1919, 1920 வாக்கில் சென்னை மாகாண அரசு தாழ்த்தப்பட்ட மக்களின் நலனைத் தொழிலாளர் ஆணையரிடம் ஒப்படைத்தது. பொதுப் பள்ளிகள் சேரிப் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்ததால் அந்த ஆணையர் தனியாகப் பள்ளிகளைத் திறந்தார். அதனால்தான் லேபர் ஸ்கூல். இதே தென்னார்க்காட்டில் சுவாமி சகஜானந்தர் 1916-லேயே சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கியிருந்தார். அரசு திறந்தவையும் சரி, அவர் திறந்ததும் சரி, சேர்த்துக்கொள்ள மறுத்த ஊருக்கு எதிரே எழுந்து நின்றவை. தமிழ்நாட்டில் இன்று இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட நலப் பள்ளிகள் இருக்கின்றன. தலித் மக்கள் பத்தில் மூன்று பேர் என்ற அளவில் வாழும் விழுப்புரத்தில், கிராமம் கிராமமாக இந்த இரட்டைப் பள்ளிகளைப் பார்க்கலாம்.

2023 மார்ச் மாத பட்ஜெட்டில், பல துறைகள் நடத்தும் பள்ளிகளையெல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் கீழ்க் கொண்டுவரப்போவதாக அரசு அறிவித்தது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. எதிர்ப்பு எழுந்தது. பள்ளிகள் இருக்கும் நிலம் என்ன ஆகும், பட்டியலின மக்களுக்கென்று ஒதுக்கிய நிதி எங்கே போகும், எண்ணிக்கை குறைவு என்று சொல்லிக் காலனிப் பள்ளியை மூடிவிட்டு ஊர்ப் பள்ளியை மட்டும் வைப்பார்களா என்று கேட்டார்கள். எல்லாமே நியாயமான கேள்விகள். திண்ணைப் பெரியவரின் முதல் கேள்வியும் அதுதானே. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் பார்த்த அந்த இரண்டு பள்ளிகளில், ஒரு சாதிப் பிள்ளைகள் ஒரு பள்ளியிலும் இன்னொரு சாதிப் பிள்ளைகள் இன்னொன்றிலும்தான் பெரும்பாலும் இருந்தார்கள். ஊர்க்காரர் தன் பிள்ளையைக் காலனிப் பள்ளியில் சேர்ப்பதில்லை. வேன் வைத்து மெட்ரிக் பள்ளிக்கு அனுப்புகிறார். நிலமும் நிதியும் அந்த மக்கள் பெயரிலேயே இருக்கட்டும். காலனியில் இருக்கும் கட்டடத்தை மூடாமல், அதையே கிராமம் முழுவதற்குமான பள்ளியாக ஆக்கட்டும். ஒரே வட்டாரக் கல்வி அலுவலர் இரண்டையும் ஆய்வு செய்யட்டும். இணைப்பு என்று சொன்னால் ஏன் எப்போதும் காலனிப் பிள்ளைதான் வயலைத் தாண்டி ஊருக்குள் நடக்க வேண்டும்?

மறுபடி நெடுஞ்சாலைக்கு வந்து வடக்கே திரும்பினோம். விக்கிரவாண்டி. 2025 ஜனவரி 3 அன்று இங்கே ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. படித்த சிறுமி கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தாள். தனியார் பள்ளிகளுக்கென்று தனி மாவட்டக் கல்வி அலுவலர் பதவி வந்து இரண்டு ஆண்டுகள் கடந்திருந்த நேரம். அலுவலர் பதவி எத்தனை என்பது வேறு, ஒரு தொட்டியின் மூடியைக் காலால் மிதித்துப் பார்க்கிற ஆய்வு வேறு. அந்தப் பெற்றோரின் துயரத்துக்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

கூட்டேரிப்பட்டில் இடதும் வலதும் பஸ்கள் திரும்பிக்கொண்டிருந்தன. மயிலம் போகும் சாலையில் திரும்பினோம். மலைமேல் முருகன் கோயில். ஊரில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம். மாவட்டத்தின் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு மயிலம் என்றாலே, எண்ணும் எழுத்தும் திட்டப் பயிற்சிக்குப் போய்வரும் இந்த நிறுவனம்தான் நினைவுக்கு வரும். 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஃபெஞ்சல் புயல் இந்த ஊரில் 51 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. சங்கராபரணியும் தென்பெண்ணையும் கரை மீறின. மாவட்டம் முழுக்கப் பள்ளிகள் நிவாரண முகாம்களாகின. புத்தகம், சான்றிதழ், சீருடை எல்லாம் தண்ணீரோடு போயின. சாதாரண நாளில் எந்தத் துறையின் பள்ளி என்று பார்க்கிறவர்கள் அன்றைக்குப் பார்க்கவில்லை. கதவு திறந்த பள்ளிக்குள் எல்லாச் சாதியும் படுத்து எழுந்தது என்று மயிலம் டீக்கடையில் ஒரு அம்மா சொன்னார்.

திண்டிவனத்துக்குள் நுழைந்ததும் பலகைகளின் மொழி மாறுகிறது. வால்டர் ஸ்கடர் மேல்நிலைப் பள்ளி, புனித அன்னாள் மகளிர் மேல்நிலைப் பள்ளி. அமெரிக்க ஆற்காடு மிஷன் தளம் அமைத்த ஊர்களில் திண்டிவனமும் ஒன்று. 1890-களின் தொடக்கத்தில் இங்கே மிஷன் வீட்டில் தங்கியிருந்த இளம்பெண் ஐடா ஸ்கடரிடம், ஒரே இரவில் மூன்று ஆண்கள் பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியைக் காப்பாற்றக் கேட்டு வந்தார்கள். ஆண் மருத்துவரான அவருடைய தந்தையை அனுமதிக்க அவர்கள் சம்மதிக்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா மருத்துவம் படித்துத் திரும்பி 1900-ல் வேலூரில் பணியைத் தொடங்கினார். வேலூர் சி.எம்.சி.யை எல்லாருக்கும் தெரியும். அதன் விதை விழுந்த ஊர் திண்டிவனம் என்பது இந்த ஊர்ப் பிள்ளைகளிலேயே பலருக்குத் தெரியவில்லை.

மிஷன் பள்ளிகள் அரசு உதவி பெறும் பள்ளிகளானது 1854-க்குப் பிறகு வளர்ந்த மானிய முறையால். ஆசிரியர் சம்பளம் அரசு தரும், நிர்வாகம் அவர்களுடையது. 1991-92-க்குப் பிறகு தொடங்கிய தனியார் பள்ளிகளுக்கு இந்த உதவி கிடையாது. உதவி பெறும் பள்ளி என்ற வகையே அதோடு வளராமல் நின்றது. அதற்குப் பின் தனியார் பள்ளி என்றாலே கட்டணப் பள்ளி. நெடுஞ்சாலை ஓரம் வரிசையாக நிற்கும் மஞ்சள் வேன்கள் அந்த முடிவின் விளைவு.

ரோசணைக்குப் போகாமல் திண்டிவனத்தை விட்டு வர முடியாது. திண்டிவனம் அரசுக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த பேராசிரியர் பிரபா கல்விமணி இங்கே தாய்த்தமிழ்ப் பள்ளியை வளர்த்தவர். அரசு உதவியும் இல்லை, மெட்ரிக் கட்டணமும் இல்லை. தாய்மொழியில் படிக்க வேண்டும் என்ற பிடிவாதத்தில் நன்கொடையால் நடந்த பள்ளி. பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைக் கட்டியவரும் அவரே. திண்டிவனம், செஞ்சி, வானூர் பக்கம் ஏரிக்கரையிலும் சூளையிலும் வாழும் இருளர் பிள்ளைகள் பள்ளிக்கு வந்ததில் அவருடைய உழைப்பு பெரிது. மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில் 2021 அக்டோபர் 27-ல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது, கொரோனாவில் விட்டுப்போன பிள்ளைகளைத் தேடி அரசே தெருவுக்குப் போனது. கல்விமணி போன்றவர்கள் அந்தத் தெருக்களில் அதற்கு முன்பே பல காலம் நடந்திருந்தார்கள்.

அன்று மாலை ஒலக்கூர் ஒன்றியத்தில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒரு இருளர் தாயைச் சந்தித்தோம். மகள் பத்தாம் வகுப்பு. பதினொன்றில் சேர்ந்து விடுதியும் உதவித்தொகையும் பெற பழங்குடியினர் சாதிச் சான்று வேண்டும். பள்ளி தர முடியாது. தாசில்தாரும் தர முடியாது. கோட்டாட்சியர் நிலை அலுவலர்தான் தர வேண்டும், இங்கே அது திண்டிவனம் சப்-கலெக்டர். மனு கொடுத்தாகிவிட்டது. விசாரணைக்கு வந்தவர், கணவரின் அண்ணன் சான்று இருந்தால் கொண்டுவரச் சொன்னாராம். அவர் செய்யாறு பக்கம் ஒரு சூளையில் இருக்கிறார், போன் எடுக்கவில்லை.

"சேர்க்கைக்கு முன்னாடி வந்துடுமா டீச்சர்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"திங்கட்கிழமை மனு நாளு. விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்கு நானும் லீவு போட்டுட்டு வர்றேன். ரேஷன் கார்டு, பொண்ணோட டி.சி. ஜெராக்ஸ், பழைய மனு நம்பர், மூணும் எடுத்துக்குங்க. ஆறரை பஸ்ஸுல ஏறிடுவோம்," என்றார் தலைமையாசிரியை. சார் தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, செய்யாறு ஒன்றியத்தில் தனக்குத் தெரிந்த ஒரு ஆசிரியரின் நம்பரை அந்த அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தார். சூளைக்கு ஆள் அனுப்பி அண்ணனைத் தேட அவர் உதவுவார் என்றார்.